மோட்டார் வீட்டில் ஒரு யாத்திரை

வீட்டை விட்டு எங்கும் வருவதில்லை என்று எங்கள் தாயார் ஐந்து வருஷமாகச் சாதித்து வந்தார். முழங்கால் வலிக்காரர், அறிமுகமற்ற இடங்களில் படி ஏறி இறங்க முடியாது. ஆனால் காவேரியை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அவரை விடவில்லை. ஆகவே வீட்டையே உடன் அழைத்துச் செல்வது என்று தீர்மானித்தோம். படுக்கை, அடுப்பு, குளிக்கும் அறை எல்லாம் உள்ளேயே அமைந்த 'கேரவன்' என்னும் மோட்டார் வண்டி இக்காலத்தில் வாடகைக்குக் கிடைக்கிறது. கணவன் மனைவி இருவருமே உபாத்தியாயர்களாதலால், கோடை விடுமுறை தொடங்கியதும் அப்படி ஒரு வண்டியில் புறப்பட்டு விட்டோம்.

முதல் நாள் இரவு கிருஷ்ணகிரியில் தங்கினோம். நந்திமலைப் பக்கத்தில் பிறந்து கடலூரை நோக்கி ஓடும் தென்பெண்ணையை அங்கே அணை கட்டித் தேக்கியிருக்கிறார்கள். மறுநாள் காலை அந்த நதியைக் காவேரிப்பட்டினம் வரையில் துணையாகக் கொண்டு, பிறகு அதனிடம் விடைபெற்றுத் தருமபுரியை அடைந்தோம்.

தருமபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர் அது. நெடுநாள் வாழ வைக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு அளித்த அவன் கதையைத் தமிழ்நாட்டில் அறியாத குழந்தை உண்டோ? ஊருக்குத் தெற்கே அதியமான்கோட்டை என்ற கிராமம் இன்றும் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்குள்ள சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் இராமாயண, பாரதக் காட்சிகளைப் பழைய ஓவியர்கள் தீட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததே தவிர, கண்களுக்குத் திருப்தி உண்டாகவில்லை.

தருமபுரிக்குத் திரும்பி மேற்கே வண்டியைச் செலுத்தினோம். சாலையோரத்துப் புளிய மரக் கிளைகள் எங்கள் மோட்டார் வீட்டின் கூரையை உரசி, 'மெல்லப் போ' என்று எச்சரித்த வண்ணம் இருந்தன. பென்னாகரத்துக்குப் போகும் வழியிலே பாப்பாரப்பட்டியில் இறங்கினோம். சுப்பிரமணிய சிவா கண்மூடிய ஊர் அது.

சிவா 1884-ம் வருஷம் வத்தலக்குண்டில் பிறந்தவர். 1908-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளையோடு கைது செய்யப்பட்டு, 1912 வரையில் சிறையில் வாடினார். சிறைவாசம் அவருக்குக் கொடுத்த பரிசு தொழுநோய். அந்நோய் கண்டவர்கள் ரயிலில் ஏறக் கூடாது என்று அன்றைய சர்க்கார் தடை விதித்தது. சிவா வாயை மூடிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தாரா? இல்லை. புண்ணைத் துணியால் சுற்றிக்கொண்டு, கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று தேச விடுதலையைப் பிரசாரம் செய்தார். பாப்பாரப்பட்டியில் 'பாரதபுரம்' என்று ஓர் ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப விரும்பி, 1923-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அஸ்திவாரக் கல் நாட்டுவித்தார். கோயிலைக் காண அவர் இருக்கவில்லை. 1925 ஜூலை 23-ந் தேதி அவ்வூரிலேயே உயிர் நீத்தார். பாரத மாதா நினைவாலயம் ஒன்று அங்கே திறக்கப்பட்டது 2021-ல்தான்.

மறைந்தபோது அவருக்கு வயது நாற்பது. எங்கள் இருவருக்குமே இப்போது அதைவிட அதிகம். இருபது வருஷமாக அவர் வரலாற்றை இரண்டு மதிப்பெண் வினாவாகவே மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். 'பிறந்த ஊர் எது? நடத்திய பத்திரிகை எது?' என்று கேட்டோமேயன்றி, அவர் எப்படி நடந்தார் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. மெத்தென்ற ஆசனத்தில் அமர்ந்து அவ்வூருக்கு வந்து இறங்கிய எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

தாயார் வண்டியின் படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஏண்டா, இந்தப் புண்ணியவான் இவ்வளவு தூரமும் அந்தக் காலோடா நடந்தார்?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் வெகு நேரம் பேசவில்லை.

அன்றிரவு பென்னாகரத்தில் தங்கினோம். மேட்டு நிலத்து ஊராதலால் இரவுக் காற்று இதமாயிருந்தது. இங்கிருந்து ஒகேனக்கல் ஏறக்குறைய பதினாறு கிலோமீட்டர். மறுநாள் விடியற்காலையில் காட்டு வழியாக வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் நிதானமாகச் சென்றோம். கடைசி வளைவுகளில் காவேரியின் இரைச்சல் முதலில் காதில் விழுந்தது. பிறகுதான் நதி கண்ணில் பட்டது. 'ஹொகே' என்றால் கன்னடத்தில் புகை. பாறைகளில் மோதிய நீர் புகை போல எழும்புவதைக் கண்ட பிறகு இந்தப் பெயருக்கு விளக்கம் வேண்டியதில்லை. மூங்கிற் பிளாச்சில் பின்னிய வட்டப் பரிசல்கள் சுழன்று சுழன்று நீரில் மிதந்தன.

நீராடும் துறைக்குச் சற்றுத் தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. தாயாரை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்ல ஏற்பாடு செய்தோம். அவர் அதை ஒதுக்கிவிட்டுக் கைத்தடியை எடுத்துக் கொண்டார்.

"அவர் தேசம் முழுக்க நடந்தார். நான் இந்த நாலு எட்டு நடக்க மாட்டேனா?" என்றார்.

கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு இடத்தில் நின்றார். கடைசியில் காவேரித் தண்ணீரை இரு கைகளாலும் அள்ளிக் கண்களில் ஒற்றிக் கொண்டார்.