காரணம் தொலைந்த வரிகள்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவின் நெரிசலைத் தாண்டினால் வலியசாலை. மகாதேவர் கோயில், அதையொட்டித் தமிழ் பேசும் அக்கிரகாரம். முதலாம் ராஜராஜனின் (985-1014) கல்வெட்டுகள் பெருமையுடன் குறிப்பிடும் காந்தளூர்ச் சாலை இதுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அங்கே அவன் 'கலம் அறுத்தான்' என்கின்றன கல்வெட்டுகள். கலம் என்றால் கப்பல். எனவே சேரரின் கப்பல்களை அழித்தான் என்றனர் சிலர். கலம் என்பது உண்கலமும்தான். சாலையில் நடந்துவந்த உணவளிப்பில் கை வைத்தான் என்றனர் வேறு சிலர். தலைமுறைகள் மாறியும் வழக்கு தீரவில்லை. இத்தனைக்கும் இரண்டே சொற்கள். எழுதியவருக்குத் தெரிந்திருந்த காரணம் படிப்பவருக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இதே வழக்கு கம்ப்யூட்டர் உலகில் தினமும் நடக்கிறது. நகரின் இன்னொரு பக்கம், கழக்கூட்டத்தில் 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. புதிதாக எழுதுவதைவிட, யாரோ எப்போதோ எழுதிய புரோகிராமைப் படித்துத் திருத்துவதுதான் பெரும்பாடு. அந்தப் புரோகிராம் வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டைக் காப்பதாக இருந்தால், தவறாகப் படிப்பதற்கான விலையும் பெரிது.

இந்தச் சிக்கலை அளக்க 1976இல் ஒரு வழி சொன்னார் அமெரிக்கரான தாமஸ் மெக்கேப். புரோகிராமில் 'இப்படி இருந்தால் இந்தப் பக்கம், இல்லையென்றால் அந்தப் பக்கம்' என்று வழி பிரியும் இடங்களை எண்ணி, ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கிளையே இல்லாத நேர் பாதைக்கு மதிப்பு 1. ஒரு பகுதியின் மதிப்பு 10ஐத் தாண்டினால் அதைப் பிரித்து எழுதுவது நல்லது என்பது அவர் யோசனை. ஒவ்வொரு கிளையும் சோதித்துப் பார்க்க வேண்டிய இன்னொரு வழி என்பதால் இது நியாயமான கணக்குதான்.

ஆனால் இருப்பதை எண்ணும் அளவுகோலுக்கு இல்லாதது தெரியாது. இன்டர்நெட்டில் ரகசியத் தகவலை மறைத்து அனுப்ப உலகெங்கும் பயன்படும் சாஃப்ட்வேர் தொகுப்பு ஓப்பன் எஸ்.எஸ்.எல். அதில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை இருப்பது 2014 ஏப்ரல் 7 அன்று அம்பலமானது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்ப்யூட்டர் ஒரு சொல்லை அனுப்பும். மறுமுனை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்றெழுத்துச் சொல்லை அனுப்பிவிட்டு அறுபதாயிரம் எழுத்து என்று பொய் சொன்னாலும் மறுமுனை நம்பியது. மீதியைத் தன் நினைவகத்திலிருந்து, சமயத்தில் பாஸ்வேர்டுகளோடு சேர்த்து, அள்ளிக் கொடுத்தது. ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை. 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலிருந்து இரண்டு ஆண்டுகள் இது யார் கண்ணிலும் படவில்லை.

'சொன்ன நீளம் உண்மையா?' என்று ஒரு கேள்வி விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்துத்தான் ஓட்டையை அடைத்தார்கள். அதாவது, திருத்திய பிறகு மெக்கேப்பின் எண் குறையவில்லை; கூடியது.

அப்படியானால் வரிகளைக் குறைப்பது வீண் வேலையா? இல்லை. அதே மாதம் ஓப்பன் பி.எஸ்.டி. குழுவினர் இந்தத் தொகுப்பைப் பிரதியெடுத்து, லிப்ரே எஸ்.எஸ்.எல். என்ற பெயரில் சுத்தம் செய்யத் தொடங்கினர். முதல் வாரத்தில் மட்டும் 90,000 வரிகளுக்கு மேல் நீக்கப்பட்டன. ஓ.எஸ்./2, 16 பிட் விண்டோஸ் போன்ற வழக்கொழிந்த கம்ப்யூட்டர் அமைப்புகளுக்காகச் சேர்ந்திருந்த குப்பை அதில் ஏராளம். குப்பை மண்டிய இடத்தில்தான் ஓட்டை ஒளிந்திருக்கும்.

ஆனால் வெட்டும் கைக்கு விவரம் வேண்டும். 2006இல் டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பைப் பராமரித்தவர்கள், சோதனைக் கருவி எச்சரித்தது என்பதற்காக ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லில் இரண்டு வரிகளை எடுத்துவிட்டார்கள். அவற்றில் ஒன்று, ரகசியச் சாவியை யாரும் ஊகிக்க முடியாதபடி ஆக்கும் தற்செயல் எண்களைக் கலக்கும் வரி. அது போனதும், ஒவ்வொரு வகைச் சாவிக்கும் எஞ்சிய சாத்தியங்கள் சுமார் 32,768 மட்டுமே. ஒரு சாதாரண கம்ப்யூட்டரே வரிசையாகப் போட்டுப் பார்த்துவிடும். 2008 மே மாதம்தான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் எத்தனையோ கம்ப்யூட்டர்களில் அந்தச் சாவிகள் உருவாகிவிட்டன. எச்சரிக்கை நின்றது, பூட்டும் உடைந்தது.

2015இல் அமேசான் வேறு வழியில் போனது. பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும் வேலைக்கு மட்டும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். 70,000 வரிகளாவது எடுத்துக்கொள்கிறது என்று சொல்லி, ஆறாயிரத்துச் சொச்சம் வரிகளில் ஒரு தொகுப்பை வெளியிட்டது. மறைகுறிக் கணக்குகளுக்கு அதுவும் பழைய தொகுப்புகளின் தோளில்தான் ஏறியது. ஆனாலும் ஆறாயிரம் வரியை ஒரு மனிதர் உட்கார்ந்து முழுதாகப் படித்துவிடலாம். குறைப்பதன் பயனே அதுதான்.

சிக்கல் எண் சந்தேகப்பட வேண்டிய இடத்தைக் காட்டும். தவறு இன்னது என்று சொல்லாது. ஒரு வரியை நீக்குமுன் அது ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க வேண்டுமானால், எழுதுகிறவர் பக்கத்திலேயே காரணத்தைக் குறித்துவைத்திருக்க வேண்டும். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது அந்தக் குறிப்புதான். கம்ப்யூட்டருக்கு அது தேவையில்லை. அடுத்து வந்து படிக்கும் மனிதருக்கு அது இல்லாமல் முடியாது.