முழங்கால் அளவு

கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'சொந்தத் தொழில்' என்று எழுதினேன். அப்பா பங்களாக்களில் தோட்ட வேலை செய்பவர். சொல்ல வெட்கம், நண்பர்களே!

சென்ற நவம்பர் கடைசி வாரம் அவருக்குக் காய்ச்சல். துணைக்குப் போனேன். மல்லிகைக் கவாத்து. இடுப்பளவு வளர்ந்த செடிகளை முழங்கால் மட்டத்தில் கத்தரித்துக்கொண்டே போனார்.

"என்னப்பா, இப்படி மொட்டையடிக்கிறீங்க?"

"புதுத் துளிர்லதான்டா பூ வரும். இப்ப வெட்டலேன்னா பங்குனியில பூ ஏது?"

சர்வே டேப்பால் அளந்தேன். தரையிலிருந்து 50 செ.மீ.! ஐந்து செடிகளை அளந்தும் ஒன்றிரண்டு செ.மீ.தான் வித்தியாசம். பிறகு வேளாண் பல்கலைக்கழகக் கையேட்டைப் பார்த்தேன். அதிலும் நவம்பர் கடைசி வாரம், அதே 50 செ.மீ.! அப்பா படித்ததோ மூன்றாம் வகுப்பு.

காய்ந்த குச்சிகளை நீக்கி, சுற்றிலும் கொத்தி, தொழு உரம் போட்டோம். சாயங்காலம் என் கையெல்லாம் கொப்புளம்; அவர் அடுத்த பங்களாவுக்குக் கிளம்பிவிட்டார்.

மார்ச்சில் அந்த மொட்டைக் குச்சிகள் வெள்ளை வெளேரென்று பூத்தன. அதே மாதம் உதவித்தொகை விண்ணப்பம் வந்தது. அதே கேள்வி. 'தோட்டக்காரர்' என்று எழுதினேன், கொஞ்சம் பெரிய எழுத்திலேயே.