வீட்டுக்குக் கொண்டு போங்கள்

"இனி வீட்டுக்குக் கொண்டு போங்கள்" என்று பெரிய வைத்தியசாலையில் சொல்லியனுப்பப்படும் நோயாளருக்கு அதன்பின் வைத்தியர் யார்? கண்டி நகரின் வசதி படைத்த குடும்பங்கள் இக்கேள்வியால் கலங்குவதில்லை. பாட்டன் காலந்தொட்டு அவ்வீட்டாரை அறிந்த வைத்தியர் ஒருவர் மாலையில் பையுடன் படியேறி வருவார். அத்தகையோரும் இன்று அருகி வருகின்றனர் என்பது வேறு கதை.

கலஹாப் பக்கத்துத் தோட்ட லயங்களிலே நிலைமை வேறு. எமது மாணவி ஒருத்தி, வைத்தியசாலையிலிருந்து திரும்பிய தன் பாட்டியின் துண்டைக் கொண்டுவந்து, "சேர், இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். ஆங்கிலத்தில் இருந்தது. ஈரலுக்குப் பரவிவிட்ட புற்றுநோய். 1987ஆம் ஆண்டிலேயே தமிழும் அரச கரும மொழியாகிவிட்ட நாட்டில், ஒரு மூதாட்டியின் முடிவைத் தமிழில் அறிவிக்கும் கடமை பள்ளிக்கூட வாத்தியாரின் தலையில் விழுந்தது. தகப்பனாரை அழைத்துச் சொன்னோம். அவர் அழவில்லை. "வலிக்கு என்னங்க செய்யிறது?" என்று மட்டும் கேட்டார்.

கடைவீதி வைத்தியர் ஒருவரிடம் போனோம். சிங்களவர், தமிழ் நன்கு பேசுவார். ஞாயிறுதோறும் லயத்துக்கு ஏறி வந்தார். கட்டிலோரம் அமர்ந்து, வரப்போவதைப் பாட்டிக்கே பதமாக எடுத்துச் சொன்னார். பாட்டி தன் தோட்டை யாருக்குக் கொடுப்பதென்று அன்றே தீர்மானித்தார். வைத்தியர் எழுதிய மருந்துக்காகத் தகப்பனார் கண்டிக்குப் பஸ் ஏறினார். போன நாளெல்லாம் பேர் இல்லை. ஐந்து வாரம் இப்படிக் கழிந்தது.

அவர் நல்லவர். ஆனால் நல்லவர் ஒருவர் அகப்படுவதை நம்பியா ஏழையின் கடைசி நாட்கள் இருக்க வேண்டும்? வலி தணிக்கும் மோர்ஃபின், உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 1977 முதலே உள்ளது. அளவறிந்து கொடுக்கவும், வலி கூடும்போது அளவை மாற்றவும், அதனால் வரும் மலச்சிக்கலைக் கவனிக்கவும் வீட்டை அறிந்த ஒருவர் வேண்டும். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் சிறிதாகத் தொடங்கிய பணி, அயலவரே தொண்டராகி வீடு வீடாகச் செல்லும் இயக்கமாக வளர்ந்தது. 2008இல் அம்மாநில அரசு அதனைத் தன் கொள்கையாக்கிற்று. நமது நாட்டிலும் 2019 முதல் 2023 வரைக்கென ஒரு தேசியத் திட்டம் எழுதப்பட்டது.

ஹந்தானை மலையடியில் பேராதனைப் பல்கலைக்கழகம். அதே மலைச்சரிவில் தேயிலையும் லயங்களும். அங்கே 1962இல் மருத்துவ பீடம் தொடங்கிற்று. வாரம் ஒருநாளேனும் லயத்துப் படியேறும் வைத்தியருக்குச் சம்பளமும் வண்டியும் யார் தருவதென்று மாகாணச் சுகாதாரத் திணைக்களத்தையும் தோட்டக் கம்பனிகளையும் ஆசிரியர்களாகிய நாம் கேட்போம். அந்தத் துண்டைத் தமிழிலும் எழுதச் சொல்லிக் கேட்போம்.