'வொர்த்'தா, இல்லையா? எழும்பூர் மியூசியத்துக்கு நாம் எழுதும் ரிவ்யூ!

லீவு நாளில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று யோசித்தால், கை முதலில் போவது மொபைலுக்குத்தான். எத்தனை ஸ்டார், என்ன ரிவ்யூ என்று பார்த்த பிறகுதான் ஆட்டோவே புக் செய்கிறோம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் இதற்கு விலக்கல்ல.

அந்த ரிவ்யூக்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தங்கிலீஷிலும் வரிசையாகப் படித்தால், சில சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 'சூப்பர்', 'வொர்த்', 'டைம் பாஸ்', 'ஃபேமிலியோட போகலாம்', 'ஏசி இல்லை', 'மெயின்டனன்ஸ் சுமார்'. இவை வேண்டாத தகவல்கள் அல்ல. கைக்குழந்தையோடும் வயதான அம்மாவோடும் கிளம்புகிறவர்களுக்கு ஃபேனும் பாத்ரூமும் முக்கியம்தான். ஆனால், இதே வரிகளை ஒரு ஷாப்பிங் மாலுக்கும் எழுதிவிடலாமே! உள்ளே என்ன இருக்கிறது என்று வரும்போது, 'பழைய கல்லு, பழைய சிலை' என்று பலரும் முடித்துவிடுகிறார்கள்.

எந்தக் கல்?

1863-ல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கைக்கோடாரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வுக்குப் பிள்ளையார் சுழி போட்டது அந்தக் கல்தான். அவர் பல ஆண்டுகள் அலைந்து சேர்த்த கற்கருவிகள் பிறகு எழும்பூருக்கு வந்து சேர்ந்தன. இன்று விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பல்லாவரத்தில், ஆதிமனிதன் கல்லைச் செதுக்கியிருக்கிறான். இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் அந்தக் கண்ணாடிப் பெட்டியை ஒரு நிமிடமாவது பார்க்கும்.

எந்தச் சிலை?

வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரும் இருக்கிறார்கள். இங்கே முகத்தைப் பார்த்துவிட்டு நகராமல், செப்புத் திருமேனிகளின் பீடத்தையும் கவனியுங்கள். பலவற்றில் துளைகளோ வளையங்களோ இருக்கும். கழிகளைச் செருகித் தோளில் தூக்கிச் செல்வதற்காகச் செய்யப்பட்டவை அவை. ஊர் திருவிழாவில் வீதியுலா வந்த சாமி இது என்பது அந்தத் துளையிலிருந்தே புரிந்துவிடும்.

தப்பு பார்வையாளர்கள் மேல் மட்டும் இல்லை. பெயர், ஊர், நூற்றாண்டு என்று மூன்று வரியோடு ஒரு குறிப்பு அட்டை நின்றுவிட்டால், ரிவ்யூவும் 'நிறைய சிலை இருக்கு' என்றுதான் நிற்கும். துளை எதற்கு என்று அட்டையில் ஒரு வரி இருந்தால், அது வீட்டுக்கும் வரும், ரிவ்யூவுக்கும் வரும்.

பழைய மெட்ராஸின் ரிவ்யூ

மொபைலே இல்லாத காலத்தில் சென்னைவாசிகள் இந்த இடத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: 'செத்த காலேஜ்'. 1851-ல் மியூசியம் தொடங்கியது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில். எழும்பூருக்கு இடம் மாறிய பிறகும் 'காலேஜ்' ஒட்டிக்கொண்டது. பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் இருந்ததால் 'செத்த'. மியூசியத்தில் பிறந்து, பிறகு மூர் மார்க்கெட் பக்கம் போன மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்' ஆனது. இரண்டே சொற்களில் எங்கே தொடங்கியது, உள்ளே என்ன இருக்கிறது என்ற இரண்டு விஷயமும் வந்துவிட்டன. இதை வேறு எந்த இடத்துக்கும் எழுத முடியாது!

அடுத்த முறை ரிவ்யூ போடும்போது பார்க்கிங், பாத்ரூம் எல்லாம் தாராளமாக எழுதுங்கள். கூடவே, உங்கள் பிள்ளை எந்தப் பொருளின் முன்னால் நின்று கேள்வி கேட்டது என்பதையும் ஒரு வரி சேருங்கள். அடுத்து வரும் குடும்பம் அதைத் தேடிக்கொண்டு உள்ளே போகும்.

ஒரு டிப்ஸ்: வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை. அன்றைக்குப் போய் நின்றுவிட்டு ஒரு ஸ்டார் கொடுத்துவிடாதீர்கள்!