யார் செய்த பாவம்?

குளிர் மிகுந்த வடபுல நாடுகளிலே, மோட்டார் வண்டிக்குள்ளேயே அடுப்பும் படுக்கையும் அமைத்துக்கொண்டு, கடலோரமாகவே ஊர் சுற்றுவோர் உண்டு. விரும்பிய இடத்தில் நிறுத்துவர், சமைப்பர், பனிக்காற்றில் கரையோரம் நடப்பர். நமக்கு வாய்த்ததோ வாடகை வேன் ஒன்று. பன்னிரண்டு மாணவர், ஒரு குண்டான் புளிச்சோறு, இரண்டு குடம் தண்ணீர். இதுவே நமது நடமாடும் இல்லம்! மார்கழிக் குளிரில், விடியுமுன்னே செங்கற்பட்டை விட்டுப் புறப்பட்டோம்.

திருக்கழுக்குன்றத்தில் தேநீருக்காக நின்றோம். நண்பகலில் இரு கழுகுகள் வந்து பூசகர் கையால் உணவு கொண்ட குன்று அது. சென்ற நூற்றாண்டின் இறுதியோடு அவ்வரவு நின்றது. "உலகத்துல பாவம் பெருகிடுச்சு, அதான் வரல" என்றார் கடையிலிருந்த பெரியவர். மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே சென்று, நாடெங்கும் பிணந்தின்னிக் கழுகுகளை மாய்த்ததையும், 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தர அரசு தடை விதித்ததையும் மாணவருக்குச் சொன்னோம். கழுகு குறைந்தால் காரணத்தைத் தேடவேண்டும். பாவத்தை ஏன் தேடுவது?

மாமல்லபுரத்தில் வண்டியை விட்டுவிட்டு, கடற்கரைக் கோயிலிலிருந்து வடக்கே சாளுவன்குப்பம் நோக்கிக் கரையோரமாக நடந்தோம். வழியெங்கும் படகுகள், உலரும் வலைகள், கருவாட்டு மணம். பிள்ளைகள் அலையோடு ஓடி விளையாடினர். ஒருவன் மட்டும் கடலைப் பாராது நடந்தான். மீனவக் குப்பத்துப் பிள்ளை. கடல் அவனுக்குப் புதிதன்று. ஏனென்று வினவினோம்.

"சுனாமியில எங்க தாத்தா செத்துட்டாரு சார். பாவம் செஞ்சவங்களைத்தான் கடலம்மா எடுத்துக்கிட்டான்னு ஆயா சொல்லுது. எங்க தாத்தா என்ன சார் பாவம் செஞ்சாரு?"

நெஞ்சு திடுக்கிட்டது. 'எல்லாம் விதி, தம்பி' என்று முதுகைத் தட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். வெட்கத்தோடு ஒப்புகிறோம்: நாவின் நுனிக்கு வந்த சொல்லும் அதுவே. பட்டம் பெற்றோம், பாடம் நடத்துகிறோம். எனினும் துயரத்தின் எதிரே நின்றால் பாட்டன் காலத்துச் சொல்லே முந்திக்கொண்டு வருகிறது! அதை விழுங்கிவிட்டு மணலில் அமர்ந்தோம். பிள்ளைகள் சூழ்ந்தனர்.

2004 டிசம்பர் 26. காலை ஆறரை மணி அளவில், சுமத்திராவுக்கு அருகே கடலடித் தரை பிளந்து உயர்ந்தது. அது தள்ளிவிட்ட நீர் தமிழகக் கரையை மோதியது ஏறத்தாழ ஒன்பது மணிக்கு. இடையிலே இரண்டு மணி நேரத்திற்கும் மேல்! மேட்டுக்கு ஓட அது போதாதா? போதும். ஓடச் சொல்வார்தாம் இல்லை. பசிபிக் மாகடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்களைப் பறிகொடுத்த பின்னரே, 2007இல் ஐதராபாத்தில் அது அமைந்தது. "உன் தாத்தா பாவம் ஏதும் செய்யவில்லை, தம்பி. அவருக்குச் செய்தி வரவில்லை" என்றோம்.

எழுந்து நடந்து சாளுவன்குப்பம் சேர்ந்தோம். அதே சுனாமி அங்கே மணலை அரித்து, கல்வெட்டுப் பாறை ஒன்றை வெளிக்காட்டிற்று. அதனைத் துணைக்கொண்டு தோண்டிய தொல்லியல் துறையினர், பழைய முருகன் கோயிலின் செங்கல் அடித்தளத்தை 2005இல் கண்டனர். அக்கோயிலும் முன்னொரு காலத்தில் கடற்பெருக்கால் அழிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. அதைக் கேட்ட அப்பிள்ளை, செங்கற்களை நெடுநேரம் நோக்கி நின்றான்.

"கோயிலையே கடல் எடுத்துக்கிச்சுன்னா, அது யாரு செஞ்ச பாவம் சார்?"

நாம் விடை கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் எழவில்லை!

தோழர்களே! மாண்டவரைப் பாவியென்னும் சொல், அவரை மீண்டும் ஒருமுறை மூழ்கடிக்கிறது. உயிரோடிருக்கும் பேரப்பிள்ளையையும் உடன் இழுக்கிறது. இழப்புற்றோர் எதிரே நாம் உதிர்ப்பது எச்சொல்? விதி என்னும் சோம்பற் சொல்லா, காரணம் கூறும் கனிந்த சொல்லா? நா அசையுமுன் எண்ணுவோம்.

மாலையில் வண்டி திரும்பிற்று. கடல் தெரியும் சாளரத்தருகே இடம் பிடித்து அமர்ந்தவன் அந்தப் பிள்ளைதான். "ஆயாகிட்ட சொல்றேன் சார்" என்றான்.