ஒரு விரற்கடை

மைதாவைக் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டுகையில், மாவின் வெள்ளை மங்கிக் கண்ணாடிபோலத் திரளும் நேரத்தில் புளிப்புக்கும் இனிப்புக்கும் நடுவே ஒரு வாடை எழும், அதில் துளி மயில்துத்தத்தைப் போட்டுவிட்டால் கும்பகோணத்து வீட்டுக் கொல்லையே வந்து நிற்கும். மருமகள் மூக்கைச் சுளித்தாள், பெவிகால் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்றாள், நான் தகர டப்பாவைத் துணியால் பிடித்து மொட்டைமாடி அறைக்குக் கொண்டுபோனேன்.

பேரன் பொம்மைகளை வைத்து ஸ்டாப் மோஷன் படம் எடுக்கிறான், இடிந்த நகரத்தின் தெரு ஒன்று வேண்டுமாம். அவனுடைய ரோபோ வீரன் ஆறங்குல உயரம், அதனால் அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு, ஏழடிக் கதவு என்றால் ஏழங்குலம். தெர்மாகோலை வெட்டி, பசையில் தோய்த்த செய்தித்தாளை அதன்மேல் ஒட்டினோம், அரை அங்குலம் உயர்ந்துபோன சன்னல் ஒன்றை அவன் ஸ்கேலை வைத்துப் பார்த்துப் பிய்த்தெறிந்தான்.

எங்கள் வீட்டுக் கொலுவில் ஸ்கேல் கிடையாது. கிளி யானையைவிடப் பெரிது, செட்டியார் பொம்மை எழுந்து நின்றால் பக்கத்துக் கோபுரம் அவர் இடுப்புக்கு வரும், யாரும் குறை சொன்னதில்லை. பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கும், பழைய வேட்டிக் கிழிசல்களைப் பிரிக்கப் பிரிக்க அந்துருண்டை நெடி. படிகளுக்குக் கீழே பார்க் கட்டுவது தாத்தாவின் வேலை, பொடி போட்ட மூக்கோடு குந்தி உட்கார்ந்து, கேழ்வரகும் கடுகும் முளைத்த மணலுக்கு நடுவே முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாகப் பதிப்பார், காகித மலைக்கான பசையை எலி தொடாதிருக்கத் துத்தம் சேர்த்துத் தானே காய்ச்சுவார். முற்றத்து வெயில் அந்தக் குளத்தில் விழுந்து உத்தரத்தில் நெளிந்தபடி சாயங்காலம்வரை ஊர்ந்துபோகும்.

அதே வாடையை டூரிங் டாக்கீஸ் போஸ்டர்க்காரரின் வாளியிலும் கண்டிருக்கிறேன், ஆடுமாடு நக்காமலிருக்க அவரும் துத்தம்தான் போடுவார். வெகுகாலம் கழித்துக் காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெருவில், திண்ணையில் காகிதக்கூழ் பொம்மைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்க, ஒரு கிழவர் எல்லாவற்றையும் தீட்டி முடித்துக் கடைசியில் மூச்சை அடக்கிக்கொண்டு கண் எழுதியதைப் பார்த்தேன். ரோபோ வீரனுக்குக் கண் தொழிற்சாலையிலேயே அச்சாகி வந்திருக்கிறது, யாரையும் பார்ப்பதில்லை.

தாத்தாவிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. கல்யாண ஊர்வலச் செட்டை, நாயனக்காரர், தவில்காரர், பல்லக்கு எல்லாவற்றையும், மற்றவர்கள் எழுமுன் தினமும் ஒரு விரற்கடை கோயில் பக்கமாக நகர்த்திவைப்பார், கேட்டால் “ராத்திரி நாயனச் சத்தம் கேக்கலியாடா உனக்கு?” என்பார். ஒன்பதாம் நாள் பல்லக்கு கோயில் வாசலில் நிற்கும்.

பேரனின் கணக்கு வேறு, நொடிக்கு 12 படம், ஒரு நிமிஷத்துக்கு 720. தாத்தாவின் ஒன்பது நாள் ஊர்வலம் இந்தக் கணக்கில் முக்கால் நொடிதான் வரும். மேகம் கடந்தால் படத்தில் வெளிச்சம் துடிக்கும் என்று சன்னலை அட்டையால் அடைத்துவிட்டான், எல்இடி விளக்கின் கீழே எங்கள் தெருவில் நாள் முழுதும் ஒரே மணி. 1933-இல் வந்த ‘கிங் காங்’கில், வில்லிஸ் ஓ’பிரையனும் உடனிருந்தவர்களும் ஒவ்வொரு படத்துக்கும் பொம்மையைத் தொட்டுத் தொட்டு நகர்த்தியதில், அந்தக் குரங்கின் மயிர் காற்றே இல்லாமல் சிலிர்த்துக்கொண்டிருக்கும் என்று சொன்னேன், எனக்கு அந்தப் படத்தில் பிடித்ததே அதுதான். “அது மிஸ்டேக், தாத்தா” என்றான்.

பாதிக் காட்சி முடிந்ததும், யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான். பசை காய்ந்த விரல்கள் இறுகிக் கிடந்தன, முகர்ந்து பார்த்தேன், பிறகு இருட்டிலேயே தடவிப்போய் வீரனை ஒரு விரற்கடை முன்னால் வைத்தேன்.

காலையில் போனைத் திறந்தவன் கத்தினான். முந்தைய படம் திரையில் மங்கலான நிழலாகத் தெரியும், அந்த நிழலைவிட்டு வீரன் விலகி நின்றான்.

“யாரு தொட்டது?”

“ராத்திரி காலடிச் சத்தம் கேக்கலியாடா உனக்கு?”

அவன் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தான், பிறகு திரையில் கண் வைத்தபடியே, வீரனை மெல்லப் பின்னால் தள்ளித் தள்ளி, நிழலுக்குள் சரியாகப் பொருத்தினான்.