கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது

விருத்தாசலத்துக்கு மேற்கே, ஊரை ஒட்டினாற்போல் மணவாளநல்லூர். அங்கே கொளஞ்சியப்பர் கோயில். மூலவருக்குக் கண் மூக்கு கிடையாது, கையில் வேல் கிடையாது. பலிபீட வடிவில் ஒரு கல். அந்தக் கல்லைத்தான் முருகன் என்று கும்பிடுகிறார்கள். சுற்று வட்டாரம் முழுக்க அவருக்குத்தான் பிராது கொடுக்கிறது. வெள்ளைத்தாளில் பெயர், ஊர், குறை எல்லாம் எழுதி, சுவாமி முன்னால் வைத்துப் பூஜை செய்து, திருநீறோடு சேர்த்துப் பொட்டலமாக மடித்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட வேண்டும். கொடுத்த கடன் திரும்பவில்லை, நகை காணவில்லை, மகனுக்குப் பெண் அமையவில்லை, வீட்டுக்காரர் குடியை விடவில்லை. மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்று நம்புகிறார்கள்.

*

அங்கே ஓர் அம்மா, கல்லூரிப் பையன் ஒருவனிடம் சொல்லச் சொல்ல எழுத வைத்துக்கொண்டிருந்தார். அவசரத்துக்கு அடகு வைக்கவென்று உறவுக்காரி வாங்கிப்போன சங்கிலி திரும்பி வரவில்லை. எழுதத் தொடங்கும்போது குரலில் கொதிப்பு. “அவ குடும்பம் வெளங்கக்கூடாதுன்னு எழுது தம்பி” என்றார். பையன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்தான். அவர் சந்நிதிப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார். “வேணாம்ப்பா. அவளுக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு. சங்கிலி வந்தாப் போதும்னு மட்டும் எழுது.”

அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒவ்வொரு வரியும் நிதானமாக இருந்தது. எத்தனை பவுன், எந்த மாதம் வாங்கிப்போனாள், எத்தனை தடவை கேட்டாயிற்று. கடைசியில் கைநாட்டு.

அவர் மனதார வேண்டியது அந்தச் சில நொடிகளில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தெய்வத்தின் முன்னால் வாய்விட்டுச் சொல்ல நேர்ந்தபோது, சொல்லத் தகாதது தானாகவே நாக்கை விட்டு இறங்கிவிட்டது. மனதுக்குள்ளேயே வேண்டிக்கொண்டிருந்தால் சாபமும் ஆசையும் ஒன்றாகக் கலந்து ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

*

“கடவுளிடம் எதையும் கேட்காதே, உனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும்” என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். கேட்பது வியாபாரமாம். எதையும் கேட்காமல் கும்பிடுவதுதான் உயர்ந்ததாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் நூற்று மூன்றைத் தாண்டும்போது ஒரு தாய் “உன் சித்தம்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போக முடியுமா? நெஞ்சில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் பெரிய வார்த்தையைச் சொன்னால் அதுதான் பொய். இல்லாத பற்றின்மையைக் காட்டுவதைவிட இருக்கிற ஆசையைச் சொல்லிவிடுவது மேல்.

*

இந்த விஷயத்தில் நமக்கு முன்னால் நிற்பவர் நாயன்மாரான சுந்தரர். அவரைப் போலக் கூசாமல் கேட்டவர் வேறு யார்? குண்டையூரில் நெல் கிடைத்தது. அதைத் திருவாரூருக்குச் சுமந்துபோக ஆளும் கேட்டார். கொளஞ்சியப்பர் கோயிலின் தலவரலாறும் அவரையே சொல்கிறது. திருமுதுகுன்றத்து ஈசனைப் பாடாமல் கடந்துபோனவரை முருகன் வேடனாக வந்து வழிமறித்தான், பொருளைப் பறித்து அந்த ஊருக்கே திருப்பி அனுப்பினான் என்கிறார்கள். திருமுதுகுன்றம்தான் இன்றைய விருத்தாசலம். அங்கே அவர் பெற்றது 12,000 பொன். மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்பது உத்தரவு. குளத்தில் இறங்கித் துழாவுகிறார், உடனே கிடைக்கவில்லை. கரையில் மனைவி பரவையார் நிற்கிறார். சுந்தரர் மறுபடி பாடுகிறார். பொன் வருகிறது, மாற்றுக் குறைவாக. அதற்கும் பாடுகிறார்! சேக்கிழார் இதை மறைக்கவில்லை. பரமனின் தோழர் என்று பேர் பெற்றவர் பொன்னுக்காகக் குளத்தில் நின்றார் என்று பெரியபுராணத்தில் எழுதி வைத்தார்.

*

சுந்தரரின் கண் பறிபோன கதையை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும். இன்னொரு மனைவியான சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று திருவொற்றியூரில் செய்த சத்தியத்தை மீறி, ஊர் எல்லையைத் தாண்டியதும் பார்வை போனது. திருவெண்பாக்கத்தில் நின்று கேட்கிறார். கிடைத்தது ஊன்றுகோல் ஒன்றுதான். காஞ்சியில் இடக்கண். திருவாரூரில் வலக்கண். இவ்வளவு தூரமும் தட்டுத்தடுமாறி நடந்தபடி பாடினார். அந்தப் பாட்டுகளில் கெஞ்சலும் உண்டு, கோபமும் உண்டு, உரிமையோடு ஏசுவதும் உண்டு. தவறு தன் பேரில் என்பது அவருக்குத் தெரியும். அதற்காக வாயை மூடிக்கொள்ளவில்லை. குற்றம் செய்தவனுக்குக் கேட்க உரிமை இல்லை என்று நினைத்து ஒதுங்கிப் போகிறவர்கள் அவர் பாடிய ஏழாம் திருமுறையைப் படிக்க வேண்டும்.

 

*

இப்படி மனம்விட்டுக் கேட்டவள் ஒருத்தி பைபிளிலும் வருகிறாள், அன்னாள். குழந்தை இல்லாதவள். சீலோவில் ஆண்டவர் சந்நிதியில் நின்று அழுது வேண்டுகிறாள். உதடு அசைகிறது, சத்தம் வெளியே வரவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டிவிடுகிறான். குடிக்கவில்லை, மனதில் இருப்பதைக் கொட்டுகிறேன் என்று அவள் சொன்ன பிறகே அவனுக்குப் புரிகிறது. வாழ்நாள் முழுக்கக் கோயிலிலேயே இருந்தவனுக்கு ஒரு பெண்ணின் உண்மையான வேண்டுதல் கண்ணில் படவில்லை. எத்தனை சந்நிதிகளில் இன்றும் “நகருங்க, நகருங்க” என்று கையைப் பிடித்துத் தள்ளுகிறோம்! அழுகிறவரை ஒரு நிமிஷம் நிற்க விடலாம்.

*

பிராதில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம்: பெயரும் ஊரும் போட்டாக வேண்டும். “எல்லாரையும் காப்பாத்து” என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க வழியில்லை. எது வேண்டும் என்று ஒரு தாளுக்குள் எழுத உட்கார்ந்தால்தான் பாதி வேண்டுதல் நம்முடையதே இல்லை, பக்கத்து வீட்டைப் பார்த்து வந்தது என்று தெரியும். மீதியைத் துணிந்து எழுதலாம்.

*

காரியம் முடிந்ததும் திரும்பிப் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும் என்பது அங்கே முறை. கட்ட வருகிற அவசரம் வாபஸ் வாங்கப் பலருக்கு இருப்பதில்லை. மணவாளநல்லூரிலோ வேறெங்கோ கேட்டது கிடைத்தவர்கள், இந்த மாதத்துக்குள் ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.